வடம் இழுக்கும் உடம்புக்கு ரக்பியில் வேலை உண்டா? 'ப்ராப்' ஆட்டக்காரரின் சம்பளமும் கழுத்தும்

ஓணம் சீசன் வந்துவிட்டால் திற்பரப்பு, குலசேகரம், அருமனை பக்கம் வடம் இழுக்கும் போட்டிகள் களைகட்டும். கயிற்றின் கடைசியில் நிற்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் டீமிலேயே கனமான ஆள் அவர்தான். கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் புதைத்து, பின்னால் சாய்ந்து நிற்பார். அவர் நகர்ந்தால் டீம் போச்சு. ஜெயித்தால் ஒரு ஏத்தன் குலையும் கொஞ்சம் பணமும் கிடைக்கும். மறுநாள் காலையில் வழக்கம்போல தடி ஏற்றவோ ரப்பர் வெட்டவோ போய்விடுவார்.

இதே மாதிரி உடம்புக்கு, கிட்டத்தட்ட இதே வேலைக்கு, சம்பளம் கொடுக்கும் விளையாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது. அது ரக்பி யூனியன். அதில் இந்த ஆளுக்குப் பெயர் 'ப்ராப்'. தமிழில் சொன்னால் முட்டு. குலை தள்ளிய வாழை காற்றில் சாயாமல் இருக்க நாம் கொடுக்கிறோமே, அதே முட்டு.

2025 ஜூன் மாதம் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதல்முறையாக நடந்தது. இறுதிப்போட்டியில் டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்று துவைத்து எடுத்து, சென்னை புல்ஸ் கோப்பையைத் தூக்கியது. அதைப் பார்த்த பலருக்கும் வந்திருக்கக்கூடிய கேள்வி இது: "நம்ம ஊர்ல நூறு கிலோ, நூத்திப்பத்து கிலோ இருக்கிற பையன்களுக்கு இனி ரக்பியில சான்ஸ் இருக்குமா?"

சுருக்கமான பதில்: உலகத்தில் இருக்கு. இந்தியாவில் வந்திருக்கும் ரக்பியில் இப்போதைக்கு இல்ல. ஏன் என்று விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ப்ராப்?

ரக்பி யூனியனில் ஒரு பக்கத்துக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். இதில் 1 முதல் 8 வரை எண் போட்டவர்கள் 'ஃபார்வர்ட்ஸ்'. அதில் முன்வரிசை மூன்று பேர். நடுவில் 2-ம் எண் ஹூக்கர். அவருக்கு இரண்டு பக்கமும் நிற்கும் 1-ம் எண்ணும் 3-ம் எண்ணும்தான் ப்ராப்கள்.

சின்னத் தவறு நடந்தால், உதாரணமாகப் பந்து கைதவறி முன்னால் விழுந்தால், ஆட்டம் நின்று 'ஸ்க்ரம்' போடப்படும். இரு பக்கமும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, எதிரணியோடு தோளைக் கோத்துத் தள்ளுவார்கள். நடுவில் பந்து உருட்டி விடப்படும். தள்ளி முன்னேறும் அணிக்குப் பந்து, சில நேரம் பெனால்டியும் கிடைக்கும். வடத்தில் இழுக்கிறோம், இங்கே தள்ளுகிறார்கள். சர்வதேச விதிப்படி நடக்கும் வடம் போட்டியிலும் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர்தான் என்பது கூடுதல் தகவல்.

சர்வதேச அளவில் ஒரு பக்கத்து எட்டுப் பேரின் மொத்த எடை 900 கிலோவைத் தொடும். பின்னால் இருக்கும் ஐந்து பேர் தள்ளுவது, எதிரில் எட்டுப் பேர் தள்ளுவது, இரண்டும் வந்து சேரும் இடம் முன்வரிசையின் கழுத்தும் தோளும் முதுகுத்தண்டும்தான். பழைய முறையில் இரு அணிகளும் மோதிச் சேரும் கணத்தை பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தார்கள். சர்வதேச அணிகளில் அந்த விசை 16,000 நியூட்டனைத் தாண்டியது. புரியும்படி சொன்னால், ஒன்றரை டன்னுக்கு மேலான எடை ஒரு நொடி வந்து அழுத்துவது போல. அந்த அழுத்தத்தில் முதுகை நேராக வைத்து, மூச்சுவிட்டு, எதிராளியின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் கணக்குப் போட வேண்டும்.

இரண்டு ப்ராப்களும் ஒரே வேலைதானா?

இல்ல. 1-ம் எண் 'லூஸ்ஹெட்'. அவருடைய தலைக்கு ஒரு பக்கம்தான் எதிராளி இருப்பார், மறுபக்கம் காலி. 3-ம் எண் 'டைட்ஹெட்'. இவர் தலை எதிரணியின் ஹூக்கருக்கும் ப்ராப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இரண்டு தோளிலும் பாரம். அணியின் ஸ்க்ரம் நிற்பதும் சரிவதும் பெரும்பாலும் இவரைப் பொறுத்துத்தான். நல்ல டைட்ஹெட் கிடைப்பது கஷ்டம் என்பதால் கிளப்கள் அவருக்கு நல்ல விலை கொடுக்கும்.

ப்ராப் என்றால் சும்மா கொழுத்த உடம்பு என்று நினைத்துவிட வேண்டாம். 115 முதல் 130 கிலோ வரை இருப்பார்கள். ஆனாலும் ஆட்டத்தில் சில கிலோமீட்டர் ஓடி, ஓடிவருபவர்களை மடக்கி, கீழே விழுந்து எழுந்து, மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஸ்க்ரமுக்குக் குனிய வேண்டும். பலம் இருந்தாலும் ஸ்க்ரமின் நுணுக்கம் கைவர வருடங்கள் ஆகும். அதனால் ஓட்டக்காரர்கள் 22 வயதிலேயே ஜொலிக்க, ப்ராப்கள் 27, 28 வயதில்தான் உச்சத்துக்கு வருவார்கள்.

ஒரே ஒரு ப்ராப் போனால் என்ன ஆகும்?

2019 உலகக் கோப்பை இறுதிப்போட்டியே உதாரணம். நவம்பர் 2, ஜப்பானின் யோகோஹாமா. இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதின. அரையிறுதியில் நியூசிலாந்தையே வீழ்த்தி வந்த இங்கிலாந்துதான் ஜெயிக்கும் என்று பலரும் சொன்னார்கள். ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில், இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சின்க்ளர் சொந்த அணிக்காரரோடு மோதி மயங்கி விழுந்தார். அவருக்குப் பதில் வந்த டான் கோல், மாற்று ஆள் இல்லாமல் மீதி 75 நிமிடத்துக்கு மேல் ஆட வேண்டியதாயிற்று.

கோலுக்கு எதிரில் நின்றவர் தென்னாப்பிரிக்காவின் லூஸ்ஹெட் டெண்டாய் முடவாரிரா. ரசிகர்கள் வைத்த பெயர் 'பீஸ்ட்'. ஸ்க்ரமுக்கு ஸ்க்ரம் இங்கிலாந்து பின்னால் தள்ளப்பட்டது, பெனால்டிகள் குவிந்தன. ஹாண்ட்ரே பொல்லார்ட் உதைத்த 6 பெனால்டிகள் மட்டுமே 18 புள்ளிகள். முடிவு 32-12. மறுநாள் ஹைலைட்ஸில் எல்லோரும் பார்த்தது கடைசியில் வந்த இரண்டு அழகான ட்ரைகளை. ஆனால் ஆட்டத்தின் போக்கை முதலில் திருப்பியது ஸ்க்ரம்தான்.

'பீஸ்ட்' வந்த வழி

முடவாரிராவின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஒரு ப்ராப்பின் வேலைவாழ்க்கை எப்படிப் போகும் என்பதற்கு அது நல்ல மாதிரி.

1985-ல் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் பிறந்தவர். ரக்பிக்காகவே தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஷார்க்ஸ் அமைப்பில் சேர்ந்தார். டர்பன் நமக்கு அந்நியமான ஊர் அல்ல. 1860-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் போய் இறங்கிய அதே துறைமுகம். பீஸ்ட் முதலில் ப்ராப் கிடையாது. ஸ்க்ரமின் பின்வரிசையில், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். ஷார்க்ஸ் பயிற்சியாளர் டிக் முயிர்தான் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். ஓடுகிற ஆளை முட்டுக்கொடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அந்த மாற்றம்தான் அவரை உலக அளவுக்குக் கொண்டுபோனது.

2008-ல் தேசிய அணியில் இடம். 2009-ல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிராக டர்பனில் நடந்த முதல் டெஸ்டில், உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து ப்ராப் ஃபில் விக்கரியை ஸ்க்ரமில் படாதபாடு படுத்தி, ஆட்டநாயகன் விருது வாங்கினார். 2010-ல் அவர் தென்னாப்பிரிக்கக் குடிமகனே இல்லையே என்று பிரச்சினை கிளம்பியது. அந்த ஆண்டே குடியுரிமை கிடைத்துச் சிக்கல் தீர்ந்தது. 117 டெஸ்ட், ஒரு உலகக் கோப்பை. யோகோஹாமாவில் பதக்கம் வாங்கும்போது வயது 34. அத்தோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு. அமெரிக்காவின் வாஷிங்டன் அணி ஒன்றில் கொஞ்ச நாள் ஆடிவிட்டு 2020-ல் எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டார்.

சொந்த ஊரை விட்டு வந்தது, இடம் மாறியது, மெதுவாக முதிர்ந்தது, 34 வரை தாக்குப்பிடித்தது. இதில் எதுவும் தனியாக நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அகாடமி இருந்தது, ஸ்க்ரம் சொல்லித்தரும் பயிற்சியாளர் இருந்தார், வாரம் தவறாமல் 15 பேர் ரக்பி ஆடும் லீக் இருந்தது, சம்பளம் இருந்தது.

சம்பளம் எப்போது வந்தது?

ரக்பி யூனியனில் சம்பளம் வாங்கி ஆடலாம் என்ற அனுமதியே 1995 ஆகஸ்டில்தான் வந்தது. அதுவரை எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற ப்ராப் ஜேசன் லெனார்ட் தொழிலில் தச்சர். 1990-ல் அர்ஜென்டினாவில் தேசிய அணிக்கு முதல் ஆட்டம் ஆடும்போது வயது 21. இரண்டே வருடத்தில் கழுத்து டிஸ்க் கிழிந்தது. இடுப்பிலிருந்து எலும்பை எடுத்துக் கழுத்தில் வைத்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். தேறி வந்து இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆடினார். 2003 உலகக் கோப்பையையும் வென்றார். இங்கிலாந்துக்காக மட்டும் 114 ஆட்டங்கள்.

இன்றைய நிலவரம் என்ன? இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப்பில் ஒரு கிளப் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடும் அடிப்படை உச்சவரம்பு 2024-25 சீசனில் 64 லட்சம் பவுண்டு. 40 பேர் அணி என்று வைத்துக்கொண்டால் தலைக்குச் சராசரி 1.6 லட்சம் பவுண்டு. நல்ல காசுதான். ஆனால் கால்பந்து காசு இல்ல. வேலையும் நிரந்தரம் இல்ல. 2022-ல் வொர்ஸ்டர், வாஸ்ப்ஸ் என இரண்டு பிரீமியர்ஷிப் கிளப்கள் கடனில் மூழ்கின. வாஸ்ப்ஸில் ஒரே நாளில் வீரர்களும் ஊழியர்களுமாக 167 பேர் வேலை இழந்தார்கள். 2023-ல் லண்டன் ஐரிஷும் அதே வழியில் போனது.

கழுத்துக்கு என்ன விலை?

இனி கஷ்டமான பகுதி.

2019 இறுதிப்போட்டியில் பீஸ்ட்டுக்குப் பதிலாகக் களமிறங்கியவர் ஸ்டீவன் கிட்ஷாஃப். 2019, 2023 என இரண்டு உலகக் கோப்பை வென்றவர், 83 டெஸ்ட் ஆடியவர். 2024-ல் உள்நாட்டுப் போட்டி ஒன்றில் கழுத்தில் கடுமையாக அடிபட்டது. 2025 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தார். வயது 33. ஒரு ப்ராப்புக்கு இன்னும் இரண்டு மூன்று நல்ல சீசன் மிச்சம் இருக்கும் வயது அது.

தலையின் கதை இன்னும் மோசம். 2003-ல் லெனார்டோடு சேர்ந்து உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்தின் ஹூக்கர் ஸ்டீவ் தாம்ப்சன். 42 வயதில், 2020 டிசம்பரில், தனக்கு ஆரம்பநிலை டிமென்ஷியா, அதாவது மறதிநோய், இருப்பதாக வெளியே சொன்னார். உலகக் கோப்பையை வென்றதே தன் நினைவில் இல்லை என்றார். அவரைப் போன்ற நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள் உலக ரக்பி அமைப்பின் மீதும் இங்கிலாந்து, வேல்ஸ் ரக்பி சங்கங்கள் மீதும் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி என்ன செய்யும் என்று தெரிந்தும் தங்களைப் பாதுகாக்கவில்லை என்பதே அவர்கள் வாதம்.

விளையாட்டு சும்மா இருந்துவிடவும் இல்ல. 2013-ல் ஸ்க்ரம் சேரும் முறையே மாற்றப்பட்டது. தூரத்திலிருந்து பாய்ந்து மோதாமல், முன்வரிசையினர் முதலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, பிறகுதான் சேர வேண்டும். இதனால் மோதும் விசை 25 சதவீதம் வரை குறைந்தது. தலையில் அடிபட்டவரை வெளியே அழைத்துச் சோதிப்பது கட்டாயம். 2024 முதல் உயர்மட்டப் போட்டிகளில், தலைக்கு வரும் அதிர்ச்சியை அளக்கும் கருவி பொருத்திய பல்காப்பும் வந்துவிட்டது.

முன்வரிசைக்கு மட்டும் ஒரு தனி விதியும் உண்டு. அங்கே நிற்கப் பயிற்சி பெற்ற ஆள் போதுமான அளவு இல்லாவிட்டால், ஸ்க்ரமில் தள்ளவே கூடாது. பெயருக்குச் சேர்ந்து நின்று பந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்துவது அவ்வளவு ஆபத்து.

சரி, இந்தியாவில் ஏன் இடமில்லை?

காரணம் ஒரே வார்த்தை: செவன்ஸ்.

மும்பையில் நடந்தது 15 பேர் ரக்பி இல்ல. பக்கத்துக்கு 7 பேர் ஆடும் ரக்பி. மைதானம் அதே அளவு, ஆள் பாதிக்கும் குறைவு. அப்படியென்றால் எல்லாம் ஓட்டம்தான். செவன்ஸிலும் ஸ்க்ரம் உண்டு. ஆனால் பக்கத்துக்கு மூன்று பேர், சில நொடியில் முடிந்துவிடும். பெயருக்கு 'ப்ராப்' என்று அங்கேயும் சொல்வார்கள். ஆனால் நூறு மீட்டர் மைதானத்தை முழுக்க ஓடி அளக்கும் வேகக்காரர்தான் அந்த இடத்தில் நிற்பார். 120 கிலோ டைட்ஹெட்டை அங்கே இறக்கினால் இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டிவிடும்.

ஏன் செவன்ஸ்? 2016 முதல் ஒலிம்பிக்கில் இருப்பது அதுதான். ஒலிம்பிக் விளையாட்டு என்றால்தான் அரசு நிதியும் ஸ்பான்சரும் வரும். சின்ன ஆட்டம், டிவிக்கும் மொபைலுக்கும் தோதானது. அணிக்கு ஆள் தேற்றுவதும் சுலபம். ரக்பி இந்தியா அமைப்பு எடுத்த முடிவைத் தப்பு என்று சொல்ல முடியாது. பணம் எங்கே இருக்கிறதோ அங்கே போயிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பணமும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆறு அணிகள், அணிக்கு ஐந்து இந்தியர் என்ற கணக்கில் நாடு முழுவதும் 30 பேருக்குத்தான் இடம். முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போன இந்தியரான மோஹித் கத்ரியை பெங்களூரு அணி எடுத்தது 4.75 லட்சம் ரூபாய்க்கு. லீக் நடந்தது இரண்டு வாரம். தொடக்கம் என்ற வகையில் நல்ல விஷயம். ஆனால் இதை மட்டும் நம்பி வருடம் முழுக்கக் குடும்பம் நடத்த முடியாது.

15 பேர் ரக்பி இந்தியாவுக்குப் புதிதா என்றால், அதுவும் இல்ல. கல்கத்தாவில் 1872 கிறிஸ்துமஸ் அன்றே ஆடியிருக்கிறார்கள். அந்தக் கிளப் கலைந்தபோது, வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைதான் 'கல்கத்தா கப்'. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை அதற்காக ஆண்டுதோறும் மோதுகின்றன. நம் ரூபாயில் செய்த கோப்பைக்கு அங்கே ப்ராப்கள் கழுத்தைக் கொடுக்கிறார்கள். இங்கே ப்ராப்புக்கு வேலை இல்ல.

இன்றும் அகில இந்தியப் போட்டி, ராணுவ அணி, கொல்கத்தா, டெல்லி, மும்பை கிளப்கள் என்று 15 பேர் ரக்பி மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இந்தியப் பெண்கள் அணி 2018-ல்தான் முதல் 15 பேர் சர்வதேச ஆட்டம் ஆடியது. அடுத்த வருடமே மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என வென்றது. திறமை இல்லாமல் இல்லை. ப்ராப்பாக ஆடிச் சம்பாதிக்க ஒரு லீக்தான் இல்லை.

பக்கத்தில் எங்கேயாவது இருக்கா?

இருக்கு. கன்னியாகுமரியிலிருந்து கடல் தாண்டினால் இலங்கை. அங்கே பள்ளி ரக்பிக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக 1945 முதல் மோதி வருகின்றன. கண்டி, ஹேவ்லாக்ஸ், சி.ஆர். போன்ற கிளப்கள் 15 பேர் லீக் ஆடுகின்றன. பதின்ம வயதிலேயே ஸ்க்ரம் கற்ற பையன்கள் அங்கிருந்து வருகிறார்கள். 2025-ல் ஆசியாவின் முதல் பிரிவில் ஹாங்காங், தென்கொரியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றோடு ஆடிய நான்காவது அணி இலங்கை. அந்தத் தொடரை வென்ற ஹாங்காங், ஆஸ்திரேலியாவில் நடக்கும் 2027 உலகக் கோப்பைக்கு முதல்முறையாகத் தகுதி பெற்றது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ப்ராப்பை ஏலத்தில் வாங்க முடியும், ஏலத்தால் உருவாக்க முடியாது. பள்ளி மைதானத்தில் தொடங்கிப் பத்து வருடம் ஆகும்.

உலக அளவிலும் ப்ராப்பின் வேலை சுருங்குகிறதா?

கொஞ்சம் அந்தப் பயம் இருக்கு. ஸ்க்ரம் போட்டு, சரிந்து, மறுபடி போட்டு என்று நேரம் ஓடுவது டிவி பார்வையாளர்களுக்குப் பிடிப்பதில்லை. 2024 ஜூலை முதல், ஃப்ரீ கிக் கிடைத்த அணி அதற்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்க முடியாது என்று விதி மாறிவிட்டது. ஸ்க்ரமில் பலமான அணிகளின் ஆயுதத்தில் ஒன்று இப்படிப் பறிபோனது. ஸ்க்ரமே மெல்ல மெல்ல ஒரு சடங்காகிவிட்டால், பெரிய உடம்புக்காரருக்கு ரக்பியில் இடமே இருக்காது. எல்லா உடம்புக்கும் இடம் உண்டு என்ற ரக்பியின் பெருமையும் போய்விடும் என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

அந்த வாதம் நமக்கு நன்றாகவே புரியும். நம் ஊரின் பெரிய விளையாட்டான கபடியிலேயே, தேசிய அளவிலான ஆண்கள் பிரிவில் 85 கிலோ என்ற வரம்பு இருக்கிறது. கிரிக்கெட்டில் உடம்பைப் பார்த்துக் கிண்டல் நடக்கும். கனமான பையனுக்கு மிஞ்சுவது குண்டு எறிதல், பளுதூக்குதல், மல்யுத்தம், அப்புறம் வடம்.

அப்படியானால் திற்பரப்புப் பையன் என்ன செய்யலாம்?

17 வயது, 105 கிலோ, வடத்தில் கடைசி ஆள். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்களோடு சேர்ந்து, 12 கோயில்களில் மூன்றாவதான திற்பரப்பிலிருந்து நான்காவதான திருநந்திக்கரை வரையாவது மூச்சு வாங்காமல் ஓடிவிடுவான். அப்படி ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் உதவக்கூடிய விஷயங்கள் இவை:

ஒன்று, வேலைவாய்ப்பு. மத்திய அரசு 2020 செப்டம்பரில், விளையாட்டு ஒதுக்கீட்டில் குரூப் சி வேலைகளுக்குத் தகுதியான விளையாட்டுகளின் பட்டியலை 43-லிருந்து 63 ஆக உயர்த்தியது. புதிதாகச் சேர்ந்த 20-ல் ரக்பியும் உண்டு, வடம் இழுத்தலும் உண்டு. இன்றைய நிலையில் ஒரு கனமான பையனுக்கு ரக்பி லீக் ஏலத்தை விட இந்தப் பட்டியல்தான் உறுதியான வழி. ஆனால் ஊர்த் திருவிழாவில் வாங்கிய பரிசு இதற்குச் செல்லாது. அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகளில் ஆடி, முறையான சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கிளப்பில் சேரும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு, ரக்பியே வேண்டும் என்றால் எடையை விட முதலில் கால் முக்கியம். இந்தியாவில் கிடைக்கும் வாய்ப்பு செவன்ஸ் என்பதால், ஓட்டமும் பந்தைக் கைமாற்றுவதும் மடக்குவதும்தான் நுழைவுச்சீட்டு. பீஸ்ட்டே ஓடுகிற ஆளாக இருந்து ப்ராப் ஆனவர்தான். எடை கூட்டுவதாகச் சொல்லி 17 வயதில் கண்ட பவுடரைச் சாப்பிட வேண்டாம். ஊக்கமருந்து சோதனையில் மாட்டினால், தெரியாமல் சாப்பிட்டேன் என்பது எடுபடாது.

மூன்று, கழுத்து. யூடியூப் பார்த்து நண்பர்களோடு ஸ்க்ரம் போட்டுப் பார்க்காதீர்கள். இது வெறும் அறிவுரை இல்ல. பயிற்சி இல்லாதவர் முன்வரிசையில் நின்று தள்ளக் கூடாது என்று விளையாட்டின் விதியே சொல்கிறது. முன்வரிசையில் நிறுத்தும் பயிற்சியாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்க்ரம் சொல்லித்தர உங்களுக்குத் தனிப் பயிற்சி உண்டா? மைதானத்தில் கழுத்து, முதுகுத்தண்டு அடிக்கு முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா? தலையில் அடிபட்டால் எத்தனை நாள் வெளியே உட்கார வைப்பீர்கள்? பதில் தெளிவாக வராவிட்டால் அங்கே குனிய வேண்டாம்.

நான்கு, வெளிநாட்டுக் கனவு. வேறு நாட்டில் கிளப் ஆடுவதற்கு விசாவும் ஒப்பந்தமும் வேண்டும். வசிப்பிடத் தகுதியின் பேரில் அந்த நாட்டு அணியில் ஆட ஐந்து வருடம் அங்கேயே வசித்திருக்க வேண்டும். "பணம் கட்டு, நான் கிளப்ல சேத்து விடுதேன்" என்று வருகிற ஏஜென்ட்டிடம் கிளப்பின் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கேளுங்கள். கல்ஃப் வேலைக்கு ஏமாந்த கதைகள் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல.

ஐந்து, கையில் ஒரு தொழில். லெனார்ட் தச்சு வேலை கற்றிருந்தார். கிட்ஷாஃப் 33 வயதில் நிறுத்த வேண்டி வந்தது. வாஸ்ப்ஸ் வீரர்களுக்கு வேலை ஒரே நாளில் போனது. உச்சத்துக்கு வர 27 வயதாகும், ஒரே அடியில் முடிந்துவிடவும் கூடும் என்கிற ஒரு வேலைக்கு, டிகிரியோ ஐ.டி.ஐ.யோ கையில் இல்லாமல் போவது சரியாக இருக்காது.

என்ன மாற வேண்டும்?

இந்தியாவில் ப்ராப்புக்கு வேலை வர வேண்டுமானால் கோடிகள் தேவை என்றில்லை. முதல் தேவை, மாநில அளவில் வருடத்துக்குச் சில மாதமாவது நடக்கும் 15 பேர் போட்டி. அடுத்து, ஸ்க்ரம் பயிற்சியாளர்கள். இதைத் தொடங்க உடம்பும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கும் ஊர்களைத் தேடிப் போகலாம். வடத்தில் எட்டுப் பேர் ஒரே மூச்சில், ஒரே கோணத்தில், ஒருவர் குரலுக்குக் கட்டுப்பட்டு உடம்பைச் சாய்க்கப் பழகியிருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் அப்படி ஒரு இடம். ஆள் தேடுகிறவர்கள் சென்னையிலும் மும்பையிலும் ஓட்டக்காரர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், கயிற்றின் கடைசியில் நிற்கும் ஆள் யார் கண்ணிலும் படப்போவதில்லை.

அதுவரை அந்தப் பையனுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டியது இதுதான். மக்களே, உன் உடம்புக்கு உலகத்தில் வேலை இருக்கு, அதுக்கு மரியாதையும் இருக்கு. அது இன்னும் நம்ம ஊர் வரைக்கும் வரல. வரும்வரை சான்றிதழைச் சேர்த்து வை, படிப்பை விடாதே, கழுத்தைப் பத்திரமாப் பாத்துக்கோ.